பழைய மின்கார் பாகம் பொருந்துமா? ஒரு தேடல் சேவையும் லீஃப் ஸ்பையும்

நான் ஓட்டுவது 2014 மாடல் நிசான் லீஃப் மின்கார். தெரிந்தவர்கள் சிலரின் பழைய லீஃப்களையும் நானே பார்த்துக்கொடுக்கிறேன். இந்த வயதுக் காருக்குப் புதுப் பாகம் போட்டுக் கட்டுப்படியாகாது. கழித்துக்கட்டிய வண்டியிலிருந்து எடுத்த பாகம்தான் வழி. அதனால் பாகம் தேடுவதற்கு ஒரு சேவையையும், வாங்குமுன் பேட்டரியைச் சோதிக்க லீஃப் ஸ்பை என்ற கைபேசிச் செயலியையும் தொடர்ந்து பயன்படுத்துகிறேன். இரண்டையும் பற்றிய என் கருத்து இது. சேவையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அதில் நான் காணும் குறை இந்த வகைச் சேவைகள் பலவற்றுக்கும் பொதுவானது.

கதவு, கண்ணாடி, பம்பர், சஸ்பென்ஷன் ஆர்ம், வீல் பேரிங், சீட் வாங்க அந்தத் தேடல் சேவை மிக நல்லது. பேட்டரி, சார்ஜர், இன்வெர்ட்டர், ஹீட்டர் என்று ஆரஞ்சு நிற உயர் மின்னழுத்தக் கேபிள் போகும் எதையும் அதை மட்டும் நம்பி வாங்கக் கூடாது.

சேவை வேலை செய்யும் விதம் எளிது. காரின் 17 இலக்க சேசிஸ் எண்ணைக் கொடுத்து, வேண்டிய பாகத்தைத் தேர்ந்தெடுத்தால், பல பிரிப்புக் கடைகளின் இருப்பைத் தேடிப் பட்டியல் தரும். பொருந்தும் என்று நினைப்பதற்கு எதிரே பச்சை டிக். அதன் பின்னால் இருப்பது உதிரிபாக வியாபாரத்தில் வெகுகாலமாக உள்ள மாற்றுப்பாக அட்டவணை. எந்த வருடக் காரின் பாகம் எந்த வருடக் காருக்கும் சேரும் என்று தொகுத்து, சேர்பவற்றுக்கெல்லாம் ஒரே எண் கொடுப்பார்கள். ஹாலண்டர் அட்டவணை இதில் பேர்பெற்றது. பெட்ரோல் கார்களில் இந்த முறை அற்புதமாக உழைத்திருக்கிறது. ஆல்டர்னேட்டரின் போல்ட் துளையும் புல்லியும் கனெக்டரும் ஒத்துப்போனால் பெரும்பாலும் அது ஓடும்.

என் காரின் வலது பக்கக் கண்ணாடியை இந்தச் சேவையில்தான் எடுத்தேன். மடங்கும் மோட்டார் உள்ளது, இல்லாதது, சூடேற்றும் கம்பி உள்ளது, இல்லாதது என்று தனித்தனியாகப் பிரித்திருந்தார்கள். ஹெட்லைட்டிலும் எல்இடி வகையையும் ஹாலஜன் வகையையும் கலக்கவில்லை. பெட்டி வந்ததும் மாட்டினேன், வேலை முடிந்தது. இந்த அளவில் எனக்குக் குறையே இல்லை.

சிக்கல் சேசிஸ் எண்ணிலிருந்தே தொடங்குகிறது. லீஃப் மூன்று இடங்களில் தயாரானது: ஜப்பானின் ஒப்பாமா, அமெரிக்காவின் ஸ்மிர்னா, பிரிட்டனின் சண்டர்லாந்து. எண் ஜேஎன்1 என்று தொடங்கினால் ஜப்பான், 1என்4 என்றால் அமெரிக்கா, எஸ்ஜேஎன் என்றால் பிரிட்டன். முதல் தலைமுறைக்குள்ளேயே இரண்டு பிரிவுகள் உண்டு. 2010 டிசம்பரில் விற்பனைக்கு வந்தது இசட்இ0. 2012 நவம்பரில் ஜப்பானில் அறிமுகமாகி, 2013-ல் மற்ற நாடுகளுக்குப் பரவியது ஏஇசட்இ0. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே கார். அமெரிக்க வண்டியானால் எண்ணின் பத்தாவது எழுத்து மாடல் வருடத்தைச் சொல்லிவிடும். ஐரோப்பிய வண்டியில் அந்த எழுத்தை நம்ப முடியாது. அங்கே 2013 தொடக்கத்தில் பதிவான கார் பழைய இசட்இ0 ஆகவும் இருக்கலாம். எஸ்ஜேஎன் என்று தொடங்கினால் நிம்மதி, சண்டர்லாந்து ஆலை புதிய பிரிவோடுதான் உற்பத்தியைத் தொடங்கியது. ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்கான கார்களுக்கோ 17 இலக்க எண்ணே கிடையாது. இசட்இ0 அல்லது ஏஇசட்இ0 என்று தொடங்கி ஒரு கோடு போட்டு ஆறு இலக்கம் வரும். உண்மையில் அதுதான் மிகத் தெளிவான எண், பிரிவின் பெயரையே சுமந்துகொண்டிருக்கிறது. அதை இந்தச் சேவையின் பெட்டியில் தட்டினால் "தவறான எண்" என்று திருப்பி அனுப்பிவிடும். ஜப்பானிலிருந்து பயன்படுத்திய லீஃப்கள் உலகம் முழுக்கப் போகின்றன. அந்தக் கார்களை வைத்திருப்பவர்கள் வருடத்தை மட்டும் தேர்ந்தெடுத்துத் தேட வேண்டியிருக்கிறது. தவறான பாகம் வந்து சேர்வது பெரும்பாலும் அப்படித்தான்.

வருடத்தை மட்டும் வைத்துத் தேடினால் என்ன ஆகும் என்பதற்குச் சார்ஜரே போதும். 2011, 2012 மாடல்களில் காருக்குள் இருக்கும் சார்ஜர் பின் சீட்டுக்குப் பின்னால், டிக்கியில் ஒரு மேடு மாதிரி உட்கார்ந்திருக்கும். ஏஇசட்இ0-வில் அதை முன்பக்கம் கொண்டுபோய், டிசி-டிசி கன்வெர்ட்டரையும் சந்திப்புப் பெட்டியையும் சேர்த்து ஒரே அலகாக்கி, இன்வெர்ட்டர் மேலேயே அடுக்கிவிட்டார்கள். மோட்டாரும் இஎம்61-லிருந்து இஎம்57 ஆனது. இரண்டும் 80 கிலோவாட்தான், ஆனால் முறுக்குவிசை 280 நியூட்டன் மீட்டரிலிருந்து 254 ஆகக் குறைந்தது, அடுக்கும் முறையே மாறிப்போனது. "லீஃப் சார்ஜர், 2011-2015" என்று ஒரே வரியில் போட்டு டிக் வைத்திருக்கும் பட்டியலைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. ஒரு பிரிவுக்குள்ளும் 3.6 கிலோவாட், 6.6 கிலோவாட் என்று இரு வகைச் சார்ஜர்கள் உண்டு. உறையின் படத்தைப் பார்த்து வாங்குகிறவருக்கு இது எப்படித் தெரியும்?

ஹீட்டரும் இப்படியே. இசட்இ0-வில் மின்ஹீட்டர் கூலன்ட்டைச் சூடாக்கும், அந்தச் சூடு காற்றுக்குப் போகும். ஏஇசட்இ0-வில் காற்றை நேராகச் சூடாக்கும் ஹீட்டர். மேல்மட்ட வகைகளில் கூடவே ஹீட் பம்ப்பும் (ஏசியைத் திருப்பி ஓட்டிச் சூடு தரும் அமைப்பு) உண்டு, அடிமட்ட வகையில் இல்லை. ஹீட் பம்ப் உள்ள காரின் குழாய்களும் வால்வுகளும் வேறு. கம்ப்ரஸர் வேண்டும் என்று தேடும்போது உங்கள் காரில் எது இருக்கிறது என்று சேவை ஒருமுறைகூடக் கேட்பதில்லை. அந்த ஒரு கேள்வியைச் சேர்த்தாலே பாதித் தவறு குறையும்.

பேட்டரிக்கு வருகிறேன். லீஃபில் மக்கள் அதிகம் தேடுவதும் அதிகம் ஏமாறுவதும் இதில்தான்.

24 கிலோவாட் மணி பேக்கில், அதாவது காரின் முழு பேட்டரித் தொகுப்பில், 48 மாட்யூல், மாட்யூலுக்கு நான்கு செல், ஆக 192 செல். இரண்டிரண்டாக இணையாகக் கட்டி, அந்த 96 ஜோடிகளைத் தொடராக இணைத்திருக்கிறார்கள். 40 கிலோவாட் மணி பேக்கிலும் 96 ஜோடிதான். 62 கிலோவாட் மணி பேக்கில் மூன்று மூன்றாக 96 கூட்டம், மொத்தம் 288 செல். தொடரில் இருக்கும் எண்ணிக்கை மாறாததால் எல்லாவற்றின் பெயரளவு மின்னழுத்தமும் 350-360 வோல்ட் பக்கமே நிற்கும். "வோல்ட் ஒன்றுதானே, பெரிய பேட்டரியைத் தூக்கி வைத்துவிடலாம்" என்று பலர் நம்புவதற்கு இதுதான் காரணம். வோல்ட் ஒத்துப்போகும். கட்டுப்பாட்டு அலகு ஒத்துப்போகாது.

பேக்குக்குள் இருக்கும் பேட்டரிக் கட்டுப்பாட்டு அலகும் காரின் மையக் கட்டுப்பாட்டு அலகும் ஒன்றையொன்று அடையாள எண்ணால் அறிந்துவைத்திருக்கின்றன. வேறு காரின் பேக்கை ஏற்றினால் பி3102 என்ற பிழைக் குறியீடு வரும். நிசானின் கன்சல்ட் என்ற பழுதறியும் கருவியால் முறையாகப் பதிவு செய்ய வேண்டும், அல்லது இரண்டுக்கும் நடுவே செய்திகளை மொழிபெயர்க்கும் சிறு கேன் பாலம் (காரின் உள் தகவல் கம்பியில் இணைக்கும் மின்பலகை) ஒன்றைப் பொருத்த வேண்டும். 24 காரில் 30 அல்லது 40 பேக் வைப்பவர்கள் அந்தப் பாலத்தோடுதான் வைக்கிறார்கள். 62 பேக் தடிமனும் அதிகம், அடியில் தாங்குகட்டை கொடுத்து இறக்க வேண்டும். இத்தனையும் இருக்க, தேடல் சேவையில் பேட்டரிக்கும் பம்பருக்கும் ஒரே மாதிரி பச்சை டிக்தான். "பதிவு செய்ய வேண்டும்" என்று ஒரு வரி கிடையாது.

இங்கேதான் லீஃப் ஸ்பை செயலி கை கொடுக்கிறது. என் கைபேசியில் நான் மிகவும் மதிக்கும் செயலி இது. ஓட்டுநர் பக்கம் டேஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் ஓபிடி என்ற பழுதறியும் சாக்கெட்டில் சின்ன ப்ளூடூத் அடாப்டரைச் செருகினால், கார் தன் பேட்டரியைப் பற்றி உள்ளே வைத்திருக்கும் கணக்கையெல்லாம் திரையில் கொட்டும். பேட்டரியின் கொள்ளளவுக்கு டேஷ்போர்டு காட்டுவது பன்னிரண்டு கோடுகள்தான். முதல் கோடு போவதற்குள் கொள்ளளவில் சுமார் 15 சதவீதம் போய்விட்டிருக்கும். ஆக "பன்னிரண்டு கோடும் முழுசா இருக்கு" என்று விற்பவர் சொல்வதில் 100-ம் அடங்கும், 86-ம் அடங்கும். செயலியோ கொள்ளளவை ஆம்பியர் மணியாகவே காட்டும். 24 பேக் புதிதாக இருக்கையில் 65, 66 பக்கம் இருக்கும். 40 பேக்கில் 115 பக்கம். எண் கையில் இருந்தால் பேரம் பேசுவதே வேறு மாதிரி ஆகிவிடுகிறது.

ஆனால் நான் முதலில் பார்ப்பது அந்த எண்ணை அல்ல. 96 ஜோடிகளின் மின்னழுத்தத்தையும் பக்கம் பக்கமாகக் கோடுகளாக நிறுத்தும் படம் ஒன்று இருக்கிறது. முழு சார்ஜில் நல்ல பேட்டரியும் நோய்ப்பட்ட பேட்டரியும் ஒன்றுபோலவே தெரியும், எல்லாக் கோடும் ஒரே உயரம். சார்ஜை 20 சதவீதத்துக்குக் கீழே இறக்கிவிட்டு, ஒரு மேட்டில் ஆக்சிலேட்டரை அழுத்தி ஏற்ற வேண்டும். பலவீனமான ஜோடி இருந்தால் மற்றவை நிற்க, அது மட்டும் பள்ளத்தில் விழும். தொடரில் ஒரு ஜோடி விழுந்தால் மற்ற 95-ம் நன்றாயிருந்தும் பயனில்லை, கார் அந்த ஒன்றைக் காப்பாற்ற ஆற்றலைக் குறைத்துவிடும். பிரிக்கப்போகும் காரிலிருந்து பேக் வாங்குவதானால் இந்தப் படத்தைத்தான் கேட்க வேண்டும், குறைந்த சார்ஜில், சுமையோடு எடுத்ததாக.

செயலியின் எல்லையையும் தெரிந்துகொள்ள வேண்டும். அது காரின் கணக்கைப் படிக்கிறது, தானாக எதையும் அளப்பதில்லை. பேட்டரிக் கட்டுப்பாட்டு அலகின் நினைவை அழித்தால் ஆரோக்கியச் சதவீதம் புதுப் பேட்டரி போல ஏறிவிடும், பிறகு ஓட ஓட உண்மை நிலைக்கு இறங்கும். விற்பதற்கு முன் இதைச் செய்பவர்கள் இருக்கிறார்கள். பத்து வருடம் ஓடிய 24 பேக்கில் 98 சதவீதம் கண்டால் மகிழ்ச்சி அடையாதீர்கள். முழு சார்ஜிலிருந்து இறங்கும்வரை ஓட்டி, எத்தனை கிலோவாட் மணி கிடைத்தது என்று பாருங்கள். செயலியில் ஜிட் என்றொரு கணக்கு உண்டு, ஒரு ஜிட் ஏறக்குறைய 80 வாட் மணி, புது 24 பேக்கில் 281 ஜிட். சார்ஜ் சதவீதம் சீராக இறங்காமல் திடீரென்று படியிறங்கினால் கணக்கும் நிஜமும் ஒட்டவில்லை என்று பொருள்.

அடாப்டர் விஷயத்தில் ஒன்று. இஎல்எம்327 என்பது இந்த அடாப்டர்களில் இருக்கும் சிப். அதன் மிக மலிவான நகல்கள் எல்லாக் கட்டளையையும் புரிந்துகொள்வதில்லை. செயலி இணையவில்லை என்று குறை சொல்பவர்களில் பலரிடம் இருப்பது அதுதான். கொஞ்சம் நல்ல அடாப்டராக வாங்குங்கள். திரை முழுக்கச் சுருக்கெழுத்துகளாக இருக்கும், பழக நாளாகும். பழகிய பிறகு அந்த நெருக்கமே வசதியாகிவிடுகிறது, ஒரே திரைப்பிடிப்பில் சேசிஸ் எண், ஓடிய தூரம், ஆம்பியர் மணி, வெப்பநிலை எல்லாம் வந்துவிடும். விற்பவரிடம் அந்த ஒரு படத்தை வாங்கினால் எந்தக் காரின் பேட்டரி என்பதும் உறுதியாகிறது. பேக்கைக் கழற்றிக் கீழே இறக்கிய பிறகு இது சுலபத்தில் முடியாது, கட்டுப்பாட்டு அலகுக்குத் தனியாக 12 வோல்ட் கொடுத்து வயரிங் செய்ய வேண்டும். அதனால் கார் முழுசாக இருக்கும்போதே பேசிவிட வேண்டும்.

நண்பர் ஒருவரின் 2012 காருக்குப் பேக் மாற்றாமல் மாட்யூல் மட்டும் மாற்றினோம். பழைய லீஃபில் இது சாத்தியம் என்பது எனக்குப் பெரிய ஆறுதல். சாய்ந்த ஜோடி எந்த எண் என்று செயலி காட்டிவிடுகிறது, அந்த மாட்யூலைத் தேடினால் போதும். வாங்கும் மாட்யூலின் கொள்ளளவு மீதி 47-க்குக் கிட்டத்தட்ட சமமாக இருக்க வேண்டும். அவற்றைவிட மிக நல்லதை வாங்கி வைப்பதில் லாபமில்லை. வைக்கும் முன் மின்னழுத்தத்தை மற்றவற்றோடு சமப்படுத்திக்கொள்ள வேண்டும். கடையில் வெகுநாள் வெறுமனே கிடந்து, செல் 2.5 வோல்ட்டுக்கும் கீழே இறங்கிய மாட்யூலை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். மிகவும் கீழே போயிருந்தால் உள்ளே செம்பு கரைந்து மீண்டும் படியத் தொடங்கியிருக்கலாம். சார்ஜ் ஏற்றினால் ஆபத்து.

வேறு நிறுவனக் கார்களுக்கு இந்தச் செயலி உதவாது, அங்கே வேறு வழி தேட வேண்டும். டெஸ்லா தன் பாகப் பட்டியலை எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைத்திருக்கிறது, அதை மனதாரப் பாராட்டுகிறேன். பாக எண்ணின் கடைசியில் வரும் எழுத்து திருத்தத்தைக் குறிக்கும், அதைப் படத்தில் தெளிவாகக் கேட்டு வாங்க வேண்டும். மாடல் 3-ல் சின்ன பேட்டரியேகூட மாறிவிட்டது. முதலில் 12 வோல்ட் ஈய-அமில வகை, 2021 இறுதிக்குமேல் 15.5 வோல்ட் லித்தியம். அதோடு உறவுள்ள பாகத்தை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்ற முடியாது. ரெனோ ஸோயியில் கவலை வேறு. பல கார்களில் பேட்டரி வாடகைக்குக் கொடுக்கப்பட்டது. காரைக் கழித்தவருக்கே பேட்டரி சொந்தமில்லாமல் இருக்கலாம், உரிமைக் காகிதம் இல்லாமல் தொடக் கூடாது. ஷெவர்லே போல்ட்டில், தீ அபாயத்துக்காக 2021 ஆகஸ்டில் திரும்பப் பெறும் அறிவிப்பு அதுவரை வந்த எல்லா வண்டிகளுக்கும் விரிந்தது. போல்ட் பேட்டரி வாங்குபவர் கழித்த காரின் சேசிஸ் எண்ணை வைத்து, அந்த மாற்று வேலை நடந்ததா என்று பார்க்காமல் வாங்கவே கூடாது. அதே காரில் வேக சார்ஜிங் விருப்பத் தேர்வாக இருந்ததால், சார்ஜிங் சாக்கெட்டிலும் இரு வகை உண்டு.

தேடல் சேவைகள் எதிலும் நான் பார்க்காத, ஆனால் உயிர் சம்பந்தப்பட்ட இரண்டு விஷயங்கள். மின்கம்ப்ரஸருக்குள் மோட்டார் சுருள் குளிர்பதன எண்ணெயிலேயே நனைந்திருக்கும். அதனால் மின்சாரம் கடத்தாத பிஓஇ வகை எண்ணெய்தான் போட வேண்டும். சாதாரணக் கார் ஏசிக்கான பிஏஜி எண்ணெய் கொஞ்சம் கலந்தாலும் மின்காப்பு கெடும். பழைய கம்ப்ரஸர் வாங்கும்போது குழாய் வாய்கள் மூடியிட்டு வருகிறதா, வேறு எண்ணெய் போட்டார்களா என்று கேட்க வேண்டும். அடுத்தது மின்காப்புச் சோதனை. மின்கார் பாதுகாப்புக்கான ஐ.நா. ஒழுங்குமுறை ஆர்100 சொல்லும் குறைந்தபட்ச அளவு, டிசி சுற்றில் வோல்ட்டுக்கு 100 ஓம். 360 வோல்ட் பேக்கில் அது 36 கிலோஓம். ஆரோக்கியமான பாகம் இதைவிட எவ்வளவோ மேலே, மெகாஓம்களில் காட்டும். சாதாரண மல்டிமீட்டரால் இது தெரியாது, உயர் மின்னழுத்தத்தில் சோதிக்கும் இன்சுலேஷன் டெஸ்டர் வேண்டும். வெள்ளத்தில் நின்ற காரின் பாகம் கண்ணுக்குப் பளிச்சென்று இருந்தும் இந்தச் சோதனையில் விழுந்துவிடும். 1000 வோல்ட் கையுறை, பேட்டரிச் சுற்றைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கைக் கழற்றிய பின் கெப்பாசிட்டர் இறங்கக் குறைந்தது பத்து நிமிடக் காத்திருப்பு, பிறகு மீட்டரில் பூஜ்யம் பார்த்துவிட்டுத் தொடுவது, இவை தெரியாதவர் ஆரஞ்சுக் கேபிள் பக்கம் போகவே வேண்டாம். பயிற்சி உள்ளவரிடம் கொடுங்கள்.

சேவையை நடத்துபவர்களுக்கு எழுதியிருக்கிறேன். டிக்கை எடுத்துவிடச் சொல்லவில்லை. உயர் மின்னழுத்தப் பாகங்களுக்கு மட்டும் டிக்குக்குப் பக்கத்தில் மூன்று விவரம் சேர்க்கச் சொன்னேன்: கழித்த காரின் முழு எண், லேபிளில் உள்ள பாக எண்ணின் படம், மாட்டிய பின் பதிவு தேவையா என்பது. ஜப்பான் எண்களை ஏற்கவும் கேட்டிருக்கிறேன். பதில் வந்தது, "பரிசீலிக்கிறோம்" என்று. அதுவரை விற்பவர்களுக்கு நானே இப்படி ஒரு செய்தி அனுப்பிக்கொண்டிருக்கிறேன்:

"வணக்கம். பாகம் வந்த காரின் சேசிஸ் எண் வேண்டும். லேபிளை நேராக, வெளிச்சத்தில், எல்லா எழுத்தும் தெரியப் படமெடுங்கள். கனெக்டர்களையும் தனித்தனியாகப் படமெடுங்கள், ஊசிகள் தெரியட்டும். கார் எதனால் கழிக்கப்பட்டது, முன்பக்க மோதலா, பின்பக்கமா, வெள்ளமா? பேட்டரியானால் 20 சதவீதத்துக்குக் கீழே, ஓட்டும்போது எடுத்த லீஃப் ஸ்பை படம் வேண்டும்."

இதற்குப் பொறுமையாகப் பதில் எழுதும் கடைகள் இருக்கின்றன. அவர்களிடம் கொஞ்சம் கூடக் கொடுத்தும் வாங்குகிறேன்.